நடையை அளக்க: முதுகில் ஒரு சென்சாரா, பாதங்களில் இரண்டா?

நடை ஆய்வில் இறங்கும் பிசியோதெரபி மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இரண்டிலும் இருப்பவை வேக மாற்றத்தை அளக்கும் அதே முடுக்கமானியும், சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும்தான். கட்டும் இடம் மாறினால் நம்பகத்தன்மையும் மாறுகிறது.

கட்டும் வசதி
முதுகு: ஒரே பெல்ட், வேலை முடிந்தது.
பாதம்: இரண்டு கருவிகள், அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

அடி நீளம்
பாதம்: முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகமும், இருமுறை தொகையிட்டால் தூரமும் கிடைக்கும், ஆனால் சிறு பிழையும் நொடிக்கு நொடி பெருகும். நல்ல வேளையாக, பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் சற்று அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் வேகம் பூச்சியம் என்று கொண்டு கணக்கைத் திருத்திவிடலாம்.
முதுகு: அதற்கு அந்த ஓய்வு கிடையாது. உடலை ஊன்றிய பாதத்தின் மேல் ஆடும் தலைகீழ் ஊசலாகக் கருதி, கால் நீளத்தை வைத்து ஊகிக்க வேண்டும். என் கணக்கில் இது அளவீடு அல்ல, மதிப்பீடு.

மெதுவான நடை
முதுகு: பார்க்கின்சன் நோயாளி காலை இழுத்து நடந்தால் அதிர்வு மங்கி, சில அடிகள் கணக்கில் விடுபடும்.
பாதம்: சுழற்சி தெளிவாகத் தெரிவதால் தவறுகள் குறைவு.

சராசரி வேகம், அடி நேரம் மட்டும் போதுமென்றால், வீட்டில் நாள் முழுவதும் அணியவும் முதுகுதான் ஏற்றது. அடி நீளமும் இடது வலது வேறுபாடும் வேண்டுமானால் தயங்காமல் பாதத்துக்குப் போங்கள். அடிக்கு அடி ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவோ, எதைக் கட்டினாலும் பத்தடி நடை போதாது. நீண்ட நடை வேண்டும். பட்டையையும் இறுக்கிக் கட்டுங்கள்.