வளையைத் தேடுவதா, கண்ணொளியைத் தேடுவதா?

பாலாற்றின் வறண்ட கரையிலும் ஜவ்வாது மலையடிவாரத்துச் செம்மண் மேடுகளிலும் வளை தோண்டி வாழும் ஓநாய்ச் சிலந்தியை அடையாளம் காண இரண்டு வழிகளையும் முயன்றிருக்கிறேன். பகலில் வளையின் வாயைத் தேடுவது ஒன்று. இரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டுச் சிலந்தியின் கண்கள் மின்னும் கண்ணொளியைத் தேடுவது மற்றொன்று. இப்போது பெரும்பாலும் இரவிலேயே போகிறேன்.

பகல் தேடலுக்குப் பொறுமை போதும். வட்டமான வாய், உள்ளே பூசினாற்போன்ற நூல், சில வளைகளில் விளிம்பைச் சுற்றிச் சருகும் புல்லும் கோத்த சிறு வரம்பு ஆகியவை நல்ல அறிகுறிகள். ஆனால் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளும் நூல் பூசிய வளைகளில் தங்குவதால், வளையை மட்டும் பார்த்து முடிவு சொல்ல இயலாது. வளைக்குள் புல் தண்டை நுழைத்துச் சிலந்தியை வெளியே வரவழைக்கும் வழக்கத்தை, வாயோரத்து நூல் கிழிந்ததைக் கண்ட நாளிலிருந்து கைவிட்டேன்.

என்னை இரவின் பக்கம் சாய்த்தது கண் அமைப்புதான். ஓநாய்ச் சிலந்தியின் 8 கண்கள் மூன்று வரிசைகளில் அமைந்தவை: கீழே 4 சிறியவை, நடுவில் முன்னோக்கிய 2 பெரியவை, அவற்றுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி 2. பெருஞ்சிலந்திக்கோ எட்டும் ஒரு சிறு மேட்டில் குவிந்திருக்கும். ஓநாய்ச் சிலந்தியின் மேல் நான்கு கண்களுக்குள் இருக்கும் படலம் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால், விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் இரவில் கைவிளக்கை இடுப்பளவில் பிடித்து நடந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அதையே நெற்றிப்பொட்டுக்கு உயர்த்தியதும் அதே தரையில் பச்சைப் புள்ளிகள் மின்னின. பனித்துளி வெண்மையாக மின்னி, ஓரடி நகர்ந்தால் மறைந்துவிடும். சிலந்தியின் பச்சை ஒளி நாம் நெருங்கும் வரை நிலைத்து நிற்கும். ஒருமுறை அப்படி நெருங்கியபோது, தாயின் முதுகில் அடர்ந்திருந்த குஞ்சுகளின் கண்களும் ஊசிமுனைகளாக ஒளிர்ந்தன.

மழைக்கால இரவுகளில் சில முறையே போயிருக்கிறேன். ஈரப் புல்லின் மினுக்கத்தில் தடுமாறினேன். கண்ணாடி விரியன் நடமாடும் நேரமென்பதால் முழங்கால் வரையிலான காலணி கட்டாயம். இனத்தைப் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டும். வளை தோண்டாமல் திரியும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்களும் இவ்வாறே மின்னும் என்பதால், ஒளிப்புள்ளி சட்டென்று மண்ணுக்குள் அணையும் இடத்தருகே ஒரு குச்சியை நட்டு, மறுநாள் காலை அங்கே நூல் பூசிய வாய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுகிறேன்.