காலை எடுத்தால் கிரீச்: ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் பழைய பாஸ் டிரம் பெடல்

"செகண்ட்ஹேண்ட்ல ஒரு பெடல் வருது, உன்னோடதே மாதிரி. வாங்கலாமாடா?" என்று நண்பன் போனில் கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது தரையில் படுத்துக்கொண்டு, அதே பெடலின் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.

டிரம் செட்டின் பெரிய பாஸ் டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கிற பெடல் இது. ஒற்றைச் செயின், அந்தச் செயின் சுற்றும் வட்டக் கேம், அடித்தகடு இல்லாத சாதாரண பெடல்தான். என் பிரச்சினை அதன் சத்தம். மிதிக்கும்போது வராது, காலை எடுக்கும்போது வரும். வேகமான பாட்டில் சிம்பல்கள் அதை மறைத்துவிடும். மெதுவான பாட்டை ரெக்கார்ட் செய்து கேட்டால், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஓர் எலிக்குஞ்சு கத்தும்.

முதலில் பேரிங்கைச் சந்தேகப்பட்டு ஸ்பிரே எண்ணெய் அடித்தேன். இரண்டு நாள் அமைதி. அந்த மெல்லிய எண்ணெய் உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்துவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்து செயின், அதற்கடுத்து மிதிபலகையின் கீலான ஹிஞ்ச். இப்படியே இரண்டு வருடம் போனது. ஒருநாள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டிரம்மில் போய் அடிக்கும் சுத்தியலான பீட்டரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை! ஸ்பிரிங்கின் மேல் கொக்கி மாட்டும் வளையம் தேய்ந்து பள்ளமாகி, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) வைத்தால் மூன்று மாதம் தாங்குகிறது. பிறகு மறுபடி எலி.

நியாயமாகச் சொன்னால் இது பெடலின் குற்றமில்லை. 1909இல் அமெரிக்க டிரம்மர் வில்லியம் லுட்விக் செய்த பெடல் வெற்றி பெற்று நூறு வருடத்துக்கு மேலாகியும், இந்தச் சாமான் இன்னும் மிதிபலகை, அச்சு, ஸ்பிரிங், பீட்டர்தான். உரசுகிற இடத்தில் தேயத்தான் செய்யும். எனக்கு விற்றவர் படபடவென்று வேகமாக வாசித்துக் காட்டினார், நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். மெதுவாக ஒரு தடவை வாசிக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பார்.

அதனால் நண்பனிடம் சொன்னேன்: சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து மெதுவாக மிதித்துப் பார். மிதிபலகையைப் பக்கவாட்டில் ஆட்டு. லொடலொடவென்றால் ஹிஞ்ச் போய்விட்டது. பீட்டரைப் பிடிக்கும் சதுரத்தலை ஸ்குரூவை, டிரம்மை டியூன் செய்யும் சாவியான டிரம் கீயால் இறுக்கிப் பார். மரை போயிருந்தால் பாட்டின் நடுவில் பீட்டர் நழுவும். டிரம்மின் விளிம்பு வளையமான ஹூப்பைக் கவ்வும் கிளாம்பில் ரப்பர் இருக்கிறதா பார், இல்லையென்றால் உன் டிரம்மின் ஹூப் கடிபடும். பீட்டரின் ஃபெல்ட் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, பீட்டர் தனியாகவே கிடைக்கும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங்கோடு பீட்டரைப் பின்னால் இழுத்து விட்டால், தட்டுப்படாமல் நெடுநேரம் ஆடும். அந்தப் பேரிங் என் ஸ்பிரே எண்ணெயையும் தாண்டிப் பிழைத்திருக்கிறது. செயினுக்குப் பதில் கம்பி வைத்த டைரக்ட் டிரைவ் பெடல் ஒன்றை ஒரு மாதம் இரவல் வாங்கி வாசித்தேன். துல்லியத்தில் குறையில்லை. ஆனால் குதிகாலைத் தூக்கி அடுத்தடுத்து இரண்டு அடி போடும்போது, இரண்டாவது அடி என் பெடலில் தானாக வந்து விழுவதுபோல அதில் விழவில்லை. கால் பழக்கம்தான், தெரியும்.

கடைசியில் "வாங்காதே" என்றேன். இத்தனை வருடம் தரையில் படுத்து எழுந்தவன் வேறு என்ன சொல்வான்?

"அப்போ உன்னோடதைக் கொடுத்துடு, நானே பார்த்துக்கிறேன்" என்றான்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, புது ஃபெல்ட் வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினேன்.