தேதி கேட்காத மென்பொருள்: நான்கு ஆண்டு அனுபவம்

போன வாரம் டல்லாஸிலிருந்து ஒரு தோழி அழைத்தாள். கட்டடங்களுக்கு உள்சுவர்ப் பலகை அடிக்கும் சிறிய ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். "அக்கா, நீங்கள் வைத்திருக்கிற சம்பள மென்பொருளுக்கு விலையைக் குறைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?" என்றாள். ஆம், இல்லை என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ஹேவர்டில். எங்களுடையது கான்கிரீட் வேலை, 14 பேர். பாதி தனியார் வேலை. மீதி பள்ளிக்கூடம், நகராட்சி நடைபாதை போன்ற அரசுப் பணம் புழங்கும் வேலை. வரிப் பிடித்தம், வங்கிக் கணக்கில் சம்பளம் போடுவது, ஆண்டு இறுதிப் படிவங்கள் எல்லாம் எந்த மென்பொருளிலும் இருப்பவைதான், இதிலும் ஒழுங்காகவே நடக்கின்றன. நான் பேச வந்தது அரசு வேலைகளுக்கான கூலி விகிதத்தை இதில் ஏற்றும் பாட்டைப் பற்றி மட்டும்.

அரசு வேலையில் முதலாளி நினைத்த கூலியைக் கொடுக்க முடியாது. மத்திய அரசுப் பணம் என்றால் 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேகன் சட்டம். ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினாலே பொருந்தும். கலிஃபோர்னியாவின் சொந்தச் சட்டத்தில் எல்லை 1,000 டாலர்தான். மாவட்டம், தொழில் வகை வாரியாக அரசு அறிவிக்கும் விகிதம்தான் பிரிவெய்லிங் வேஜ். அதில் அடிப்படைக் கூலி ஒரு பங்கு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கான ஃபிரிஞ்ச் இன்னொரு பங்கு. வாரம்தோறும் ஆள்வாரியாக மணிக்கணக்கு எழுதி, "இது உண்மை" என்று கையெழுத்திட்ட சம்பளப் பட்டியலும் கொடுக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. ஃபிரிஞ்ச் கணக்கில் இந்த மென்பொருள் கெட்டிக்காரன். புரிவதற்காக ஒரு கணக்கு: அடிப்படை 40 டாலர், ஃபிரிஞ்ச் 20 என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு ஆவது அடிப்படை மட்டுமே. 60 டாலருடன் 20ஐச் சேர்த்தால் மணிக்கு 80. இதற்கு முன் நாங்கள் வைத்திருந்த மென்பொருள் இரண்டையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கி 90 என்று கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் பத்து டாலர் வீணாய்ப் போனதை எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. காப்பீட்டுக்கு நாங்கள் கட்டும் பணத்தை ஃபிரிஞ்சில் கழித்துக்கொள்ளும் கணக்கையும் இது சரியாகவே போடுகிறது. ஓர் ஆளுக்கு மாதம் 520 டாலர் கட்டினால் ஆண்டுக்கு 6,240. அதை ஓர் ஆண்டின் வேலை நேரமான 2,080 மணியால் வகுத்தால் மணிக்கு 3 டாலர். அரசு வேலை பார்த்த மணிகளின் மேல் மட்டும் அந்த முழுத்தொகையையும் ஏற்றினால் மாட்டிக்கொள்வோம்; அந்தத் தப்பை இது செய்ய விடாது.

ஒரே ஆள் காலையில் மண் தோண்டிவிட்டு மதியம் கான்கிரீட் மட்டம் தேய்த்தால், அவருக்கு அன்று இரண்டு தொழில் வகை, இரண்டு விகிதம். மேற்பார்வையாளர் கைப்பேசியில் வகையை மாற்றித் தட்டினால் போதும், வெள்ளிக்கிழமை பட்டியலில் இரண்டு வரிகளாக வந்து நிற்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கை தட்டத் தோன்றியது.

இனி என் வயிற்றெரிச்சல். இவ்வளவு தெரிந்த மென்பொருளுக்குத் தேதி தெரியாது.

ஒவ்வொரு வேலை எண்ணுக்கும் ஒரு விகிதப் பட்டியல் உண்டு. தொழில் வகை, அடிப்படை, ஃபிரிஞ்ச் என்று மூன்று கட்டங்கள். 'எந்த நாளிலிருந்து' என்பதற்குக் கட்டமே இல்லை. கலிஃபோர்னியாவில் ஒப்பந்தப்புள்ளி கோரி விளம்பரம் வந்த நாளில் இருந்த விகிதம்தான் அந்த வேலைக்கு அடிப்படை. ஆனால் அறிவிப்பில் காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் பார்க்க வேண்டும். ஒற்றை நட்சத்திரம் என்றால் வேலை முடியும்வரை அதே விகிதம். இரட்டை நட்சத்திரம் என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு, முன்கூட்டியே அறிவித்த உயர்வையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வேலைகளில் பெரும்பாலும் இரட்டைதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக்கூட அடித்தளம் எங்களுக்கு வந்தது. வசந்தத்தில் ஆரம்பித்தோம், கோடையில் விகிதம் உயர்ந்தது. விகிதப் பட்டியலில் பழைய விகிதத்தை அழித்துப் புதியதைப் போட்டேன். அந்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் சரியான கூலி போனது. இலையுதிர்காலத்தில் தலைமை ஒப்பந்ததாரர் மே மாதச் சம்பளப் பட்டியல்களை மறுபடி கேட்டார். எடுத்து அனுப்பினேன், பார்க்காமல். அதுதான் நான் செய்த தப்பு. மறுபதிப்பு எடுக்கும்போது மென்பொருள் அன்று கொடுத்த காசோலையைப் பார்ப்பதில்லை; விகிதப் பட்டியலில் இன்று இருப்பதை எடுத்து மே மாத மணிகளோடு பெருக்குகிறது. காகிதத்தில் புதிய விகிதம், காசோலையில் பழைய விகிதம். ஆறு பேருக்கு மே மாதம் முழுக்கக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதுபோல் ஆகிவிட்டது.

குறைத்துக் கொடுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர்வரை அபராதம் போட இந்த மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு காசுகூடக் குறையவில்லை என்று காட்ட வங்கி அறிக்கை, பழைய அறிவிப்பு, நட்சத்திரக் குறி எல்லாவற்றையும் அடுக்கி இரண்டு நாள் உட்கார்ந்தேன். கேட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்ட எனக்குத்தான் அந்த இரண்டு இரவும் தூக்கம் வரவில்லை.

உதவி எண்ணை அழைத்தேன். அந்தப் பெண் மிகவும் பொறுமையாகப் பேசினார். "அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, விகிதம் மாறும்போது புதிய வேலை எண் உருவாக்கிக்கொள்ளுங்கள்" என்றார். செய்தேன். இப்போது ஒரே அடித்தளத்துக்கு இரண்டு எண்கள், இரண்டு செலவுக் கணக்குகள். எங்கள் முதலாளி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வேலையில் கூலி பாதிதான் ஆகியிருக்கிறதே!" என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியைக் கலைக்கவே எனக்கு ஒரு மாலை ஆயிற்று. அவருடைய தந்தை காலத்துக் கூலி நோட்டுகள் இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. கூலி மாறிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பென்சிலால் முடிந்த காரியம் இது.

நியாயமாகப் பார்த்தால் தோழிக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது. அவள் செய்வது டேவிஸ்-பேகன் வேலைகள். அங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்த விகிதம் பொதுவாக வேலை முடியும்வரை மாறுவதில்லை. தேதிக் கட்டம் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஓடும். ஃபிரிஞ்ச் கணக்கும் இரண்டு தொழில் வகைகளைத் தனித்தனியாகக் காட்டுவதும் அவளுக்கு வரமாகவே இருக்கும், விலையும் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "வாங்காதே" என்றேன்.

கேட்காமல் வாங்கினால் ஒன்று மட்டும் செய்யட்டும்: ஒவ்வொரு வாரப் பட்டியலையும் கையெழுத்துப் போட்ட அன்றே பிடிஎஃப் ஆக்கித் தனிக் கோப்புறையில் வைக்கட்டும். பிறகு யார் கேட்டாலும் அதைத்தான் அனுப்ப வேண்டும், மறுபதிப்பு எடுக்கவே கூடாது.

"அப்படியானால் நீங்கள் எதற்கு மாறப்போகிறீர்கள் அக்கா?" என்று கேட்டாள். போன செவ்வாய்க்கிழமைதான் குறைந்த விலையில் இன்னும் இரண்டு ஆண்டுக்குப் பணம் கட்டியிருந்தேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.