கோத்தகிரி கராத்தே ஹாலில் 85 மி.மீ. லென்ஸ்: 3 வருட அனுபவம்

கோத்தகிரியில் என் மகள் கராத்தே கற்கும் ஹால் 40 அடி நீளம், 25 அடி அகலம். ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல், மேலே 6 டியூப்லைட். சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் இருந்தும் பயனில்லை. 3 வருடமாக இந்த ஹாலில்தான் கேனன் 80டி கேமராவில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போட்டுப் படம் எடுக்கிறேன். மி.மீ. கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.

முதலில் வாங்கியது 70-200 எஃப் 4, செகண்ட் ஹேண்ட். ஜூம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பகலில் வெளியே அருமையான லென்ஸ். ஹாலுக்குள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 விநாடி வைத்தால் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 12800 வரை போக வேண்டியிருந்தது. முகத்தில் மணல் தூவின மாதிரி படம் வந்தது. ஷட்டரை 1/125-க்கு இறக்கினால் உதைக்கிற கால் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். ஃபிளாஷ் போட எனக்கு மனமில்லை. எதிரில் கால் பறந்து வரும் நேரத்தில் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

எஃப் 4-ஐவிட எஃப் 1.8-இல் ஏறக்குறைய 5 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நான் பெரும்பாலும் எஃப் 2-இல் வைக்கிறேன்; அதுவே 4 மடங்கு. அதே 1/500-க்கு ஐ.எஸ்.ஓ. 3200 போதும். எஃப் 2.8 ஜூம் பற்றியும் யோசித்தேன். விலை ஒரு பக்கம், ஒன்றரை கிலோ எடை இன்னொரு பக்கம். 85 அரைக் கிலோகூட இல்லை. இரண்டு மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுப்பவருக்கு அது பெரிய வித்தியாசம். இதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது, ஆனால் 1/500-இல் அது தேவைப்பட்டதே இல்லை.

ஃபோகஸ் வேகம் நன்றாக இருக்கிறது. சிரமம் வேறு இடத்தில். 20 அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. வெள்ளை உடையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிற பிள்ளையின் நெஞ்சில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, முன்னும் பின்னும் அலையும். கழுத்துப் பட்டியும் மோவாயும் சேரும் இடத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, எஃப் 1.8-இல் வெள்ளை உடையின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். எஃப் 2.2 வைத்தால் பெருமளவு குறைகிறது.

டியூப்லைட் சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/500-இல் தெரியும்: ஒரு படம் பளிச்சென்று, அடுத்த படம் மஞ்சளடித்து இருட்டாக. 80டி-யில் இந்த மினுக்கலைக் (ஃபிளிக்கர்) கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நொடியில் படம் எடுக்கும் வசதி உண்டு. தொடர்ந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மட்டும் மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளை உடை சாம்பலாகிவிடும்.

ஆனால் என் படங்கள் உண்மையில் மாறியது எங்கள் மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தையால். "காலைப் பாக்காதீங்க சார், இடுப்பைப் பாருங்க." கால் எழுந்த பிறகு பட்டனை அழுத்தினால் அது திரும்பி வருவதுதான் படத்தில் விழும். இடுப்பு திரும்ப ஆரம்பிக்கும்போதே அழுத்தினால், கால் முழுக்க நீண்டு ஒரு கணம் நிற்கிற இடம் கிடைக்கும். தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசையான கட்டாவில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் உடம்பு அப்படியே உறையும், அங்கே 1/250-கூடப் போதும். இருவர் மோதும் குமித்தேயில் 1/640-க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

சரி, எல்லாருக்கும் 85 பொருந்துமா? பொருந்தாது. 80டி மாதிரி சிறிய சென்சார் கேமராவில், 20 அடியிலிருந்து செங்குத்தாகப் பிடித்தால் ஐந்தடி உயரம்தான் அடங்கும். சின்னப் பிள்ளைகள் முழுதாக வருவார்கள். பெரியவர்களுக்குத் தலையோ பாதமோ வெட்டுப்படும். உங்கள் ஹால் 25 அடிக்குள் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். விலையும் குறைவு. என்னிடமும் ஒன்று இருக்கிறது, கறுப்பு பெல்ட் அண்ணன்கள் மோதும்போது அதைத்தான் மாட்டுகிறேன். ஃபோகஸ் 85 அளவுக்கு வேகம் இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு டேப் எடுத்து ஹாலை அளந்துவிடுங்கள்.

அப்புறம் ஈரம். அந்த 70-200-ஐத் தோல் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். வடகிழக்கு மழை முடிந்து திறந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. மனசு கேட்கவே இல்லை. இப்போது 85-ம் 50-ம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசான சூட்டில் வறுத்து எடுத்துத் திரும்பப் போடுகிறேன். டிசம்பரில் வெளிக் குளிரிலிருந்து, 30 பிள்ளைகள் வியர்த்து மூச்சு விடும் ஹாலுக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸ் முழுக்க ஆவி படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் 20 நிமிடம் வைத்திருங்கள். அவர்கள் வார்ம்-அப் முடிப்பதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.