‘8கே’ என்று சொல்லி 4கே டிவியைத் தலையில் கட்டிவிட்டார்கள்

நான்கு மாதச் சம்பளம். அவ்வளவும் போய்விட்டது. பெரிய திரை டிவி வாங்கக் கிளம்பியிருப்பவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பல கிளைகள் உள்ள பெரிய மின்னணுப் பொருள் கடை அது. விற்பனையாளர் அத்தனை மரியாதையாகப் பேசினார். 75 அங்குலத் திரைக்கு ஒரு கை தூரத்தில் என்னை நிறுத்தினார். திரையில் ஒரு கிளி. “இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறதா சார்? 4கேயில் 83 லட்சம் பிக்சல், அதாவது படப் புள்ளிகள்தான். இது 8கே, இதில் 3 கோடியே 31 லட்சம்” என்றார். நான் தயங்கியதும், “என் அப்பாவுக்கே இதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்” என்றார். பெற்ற தகப்பனை இழுத்து ஒருவன் பொய் சொல்வானா? அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான்கு மாதச் சம்பளத்தைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்த பெட்டியின் மூலையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘8கே சப்போர்ட்’. பக்கவாட்டில், எறும்பு எழுத்தில்: ‘பேனல் 3840 × 2160’. பேனல் என்பது படம் தெரியும் திரைப் பலகை; அந்த எண்கள் அதில் அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல்கள். அது 4கே! 8கே என்றால் 7680 × 4320 இருக்க வேண்டும். 8கே காணொளியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு 4கேயாகச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான் அந்த ‘சப்போர்ட்’. கடையில் காட்டியது வேறு மாடல். மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றன.

கடைக்குத் தொலைபேசியில் பேசினால், “பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே, இனி நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்” என்கிறார்கள். நிறுவனமோ, “கடைக்காரர் வாயால் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்கிறது. மேலாளர் எப்போதும் ‘மீட்டிங்கில்’ இருக்கிறார். கடைசியாகப் பேசியவர், “மென்பொருள் அப்டேட் வந்தால் சரியாகிவிடும்” என்றார். அப்டேட் வந்தால் பேனலில் பிக்சல் முளைக்குமா? யாரிடம் கதை சொல்கிறார்கள்!

விசாரித்தபின் வயிறு இன்னும் எரிகிறது. உண்மையான 8கேயே வந்திருந்தாலும் எனக்குப் பயன் இருந்திருக்காது. 75 அங்குல 4கே திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.43 மில்லிமீட்டர். சராசரிப் பார்வை உள்ளவருக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டினாலே அது தனியாகத் தெரியாது. நாங்கள் உட்காருவது மூன்று மீட்டருக்கு அப்பால். அல்ட்ரா எச்டி புளூரே என்ற உயர்தரத் திரைப்பட வட்டுகூட 4கேயோடு நின்றுவிடுகிறது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த ஆள் என்னைத் திரையோடு ஒட்டி நிற்க வைத்திருக்கிறார். இருட்டுக் காட்சி ஒன்றைக்கூட அங்கே காட்டவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது: விளக்குகள் திரையின் விளிம்பில் மட்டும்தான் இருக்கின்றன. இரவுக் காட்சி வந்தால் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம்! நான்கு மாதச் சம்பளத்துக்குச் சாம்பல்!

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. இவற்றையாவது செய்யுங்கள். வீட்டில் உட்காரும் தூரத்தை அளந்துகொண்டு, கடையிலும் அதே தூரத்தில் நின்று பாருங்கள். இருட்டுக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். பேனலின் பிக்சல் எண்ணிக்கையையும் முழு மாடல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அந்த எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ‘சப்போர்ட்’, ‘ரெடி’ என்று ஸ்டிக்கரில் இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.