தையல் தோரணமா, கடைத் தோரணமா?

ராயபுரத்தில், எங்கள் மொட்டைமாடியில், மகளின் இரண்டாவது பிறந்தநாள். காசிமேட்டு மீன்களை நாள்தோறும் பார்த்து வளர்பவள். அதனால் அலங்காரம் முழுக்க மீன்தான் என்று முடிவு செய்தோம்.

பாரிமுனைக் கடைகளில் பலூன், காகிதத் தோரணம், பெயர் எழுத்துகள் எல்லாம் கிடைக்கின்றன. அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால் கடற்காற்றில் காகிதம் மாலைக்குள் கிழிந்துவிடும். எனக்கு உண்மையான பயம் பலூன்மீதுதான்: வெடித்த ரப்பர்த் துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். பிளாஸ்டிக் கொடிகளுக்கோ தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

துணித் தோரணம் நேரத்தைக் கேட்கும். எனக்கு மூன்று இரவுகள் ஆயின. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 44 அங்குல அகலப் பருத்தித் துணியை நான்கு நிறங்களில் கால் மீட்டர் வீதம் வாங்கினேன். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 8 அங்குல அடிப்பக்கம், 9 அங்குல உயரம். முக்கோணங்களை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றி வரைந்தால் ஒரு நிறத்துக்குப் பத்து தேறும். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்ததில் 20 கொடிகள். தைத்ததை உள்வெளியாகப் புரட்டும் முன், முனையில் மிகுதித் துணியைத் தையலை ஒட்டி நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கூர் வராது. மிஞ்சிய துணியில் ஆறு குட்டி மீன்கள். கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, குழந்தைகள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கறுப்பு நூலாலேயே தைத்தேன்.

நேரமே இல்லையென்றால் காகிதம் வாங்குங்கள், பலூன் மட்டும் வேண்டாம். எங்கள் கொடிகள் துவைத்து மடித்து அடுத்த ஆண்டுக்காக அலமாரியில் இருக்கின்றன. ஒரு மீன் மட்டும் மகளின் தலையணையருகே, கடித்துக் கடித்து வால் ஈரமாகக் கிடக்கிறது.