நீர் ஓடும் சட்டகமா, காற்று வீசும் வளைந்த சிலிக்கானா: ஆலிஸ் உணர்கருவியின் இரு வழிகள்

துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில், துகள்களின் தடத்தை அறிய 2021-இல் பொருத்தப்பட்ட கருவியான ஐ.டி.எஸ்-2, அதன் உள் மூன்று அடுக்குகளுக்கு மாற்றாக உருவாகிவரும் ஐ.டி.எஸ்-3 ஆகிய இரண்டும் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. லாம்டா-சி என்னும் துகளின் ஆயுட்காலத்தில் ஒளியே சுமார் 60 மைக்ரோமீட்டர்தான் கடக்கும். அது சிதைந்து வெளிவரும் மெதுவான துகள்கள், குறுக்கே வரும் ஒவ்வொரு பொருளிலும் சற்றே திசைமாறுவதால், கருவியில் பொருள் கூடக்கூட அவை கிளம்பிய புள்ளி மங்கிவிடுகிறது.

ஐ.டி.எஸ்-2-இன் உள் அடுக்குகளில், 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒன்பது சிலிக்கான் உணர்சிப்புகள் வரிசையாகக் கார்பன் இழைத் தட்டில் ஒட்டப்பட்டுள்ளன; இந்தத் தொகுப்பே சட்டகம். தட்டிலுள்ள மெல்லிய பாலிஇமைடு குழாய்களில் குளிர்நீர் ஓடுகிறது. நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு என்பதால், குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகுமே தவிர நீர் வெளியே சொட்டாது. இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியும் ஓர் அடுக்கின் பொருளளவு கதிர்வீச்சு நீளத்தில் (துகள்களை ஒரு பொருள் எவ்வளவு பாதிக்கும் என்பதை ஒப்பிடும் அளவுகோல்) சுமார் 0.36 சதவீதம், அதில் சிலிக்கானின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான். மற்றதெல்லாம் மின்சுற்றுத் தாள், பசை, கார்பன், குழாய், நீர்.

ஐ.டி.எஸ்-3 சிலிக்கான் அல்லாத அந்த ஆறு பங்கைத்தான் குறிவைக்கிறது. சுமார் 27 செ.மீ. நீளமுள்ள ஒற்றைச் சிலிக்கான் தகட்டை அரை உருளையாக வளைத்தால் வளைவே அதற்கு விறைப்பைத் தருகிறது. கார்பன் நுரை வளையங்கள் மட்டும் தாங்கினால் போதும், வெப்பத்தைக் காற்றோட்டம் கொண்டுபோய்விடும். முதல் அடுக்கின் ஆரம் 19 மி.மீ.; பொருளளவு 0.1 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. மெதுவான துகள்களை அளக்க, என் மதிப்பீட்டில், இதற்கு இணையான வழி இப்போது இல்லை.

தானியங்கிமயத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஐ.டி.எஸ்-2-இன் ஏழு அடுக்குகளுக்கும் தேவைப்பட்ட சிப்புகள் சுமார் 24,000. அவற்றை வெற்றிட உறிஞ்சியால் எடுத்து, கேமராவில் ஓரங்களைச் சரிபார்த்து, சில மைக்ரோமீட்டர் துல்லியத்தில் அடுக்கும் எந்திரம் இல்லாமல் அந்த வேலை முடிந்திருக்காது. உள் மூன்று அடுக்குகளின் 432 சிப்புகளுக்குப் பதிலாக ஐ.டி.எஸ்-3-க்கு வேண்டியவை ஆறே தகடுகள். ஆறுக்காக உற்பத்தி வரிசை அமைப்பது வீண். அச்சுருளையின் மேல் தகட்டை மெல்லச் சுற்றும் பொறியாளரின் கைத்திறனே அங்கு முதன்மை. ஆனால் பழைய முறையில் பழுதான சிப்பை ஒட்டும் முன்பே விலக்கிவிடலாம். பெரிய தகட்டில் பழுதான பகுதியை வெட்டியெறிய முடியாது, மின்தொடர்பைத் துண்டித்து ஒதுக்க மட்டுமே முடியும்.

ஆகவே உள்ளே வளைந்த சிலிக்கான், சுமார் பத்துச் சதுர மீட்டர் கொண்ட வெளி அடுக்குகளில் எந்திரம் அடுக்கிய சட்டகம் என்ற ஆலிஸின் பங்கீடு சரியானதே. இதை எல்லாச் சோதனைகளுக்கும் நீட்டிவிட முடியாது: செர்னின் மற்றொரு சோதனையான எல்.எச்.சி.பி.யின் வீலோ உணர்கருவி துகள் கற்றையிலிருந்து 5.1 மி.மீ. தொலைவில் வெற்றிடத்துக்குள் இயங்குவதால் அங்கே வீசக் காற்றே கிடையாது. சிலிக்கானுக்குள்ளேயே குடைந்த நுண்கால்வாய்களில் கார்பன் டைஆக்சைடைக் கொதிக்கவிட்டுத்தான் அதைக் குளிர்விக்கிறார்கள்.